ரேடியேட்டருக்கு மட்டும் தண்ணீர்

கோரிப்பாளையம் நெரிசலில் எங்கள் கார் கொதித்து நின்றுவிட்டதால் அப்பாவுக்கு அன்று டயாலிசிஸ் தவறிப்போனது. மறுநாள் காலையில் கட்டாயம் கூட்டிவர வேண்டும், இன்னொரு நாள் தாங்க மாட்டார் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஒத்தக்கடையிலிருந்து ஆட்டோ கிடைக்கும். ஆனால் திரும்பி வரும்போது அந்தக் குலுக்கலில் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுப்பார். கார் ஓடியே ஆக வேண்டும்.

கோளாறு தெர்மோஸ்டாட்டில். இன்ஜின் சூடானதும் திறந்து, தண்ணீரை ரேடியேட்டருக்கு விடுகிற சின்ன வால்வு அது. திறக்காமல் சிக்கிக்கொண்டது. வழக்கமான மெக்கானிக் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டார். வண்டியை வீட்டு வாசலுக்கு இழுத்துவரச் செய்து, புதிதாக ஒரு வால்வு வாங்கிவந்து, வீடியோவைப் பார்த்து நானே வேலையில் இறங்கினேன்.

வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டிய அப்பா, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நச்சரித்தார்.

"அதப் புடுங்கி வீசுத்தா. மதுர வெயிலுக்கு அது எதுக்கு? நான் ஓட்டுன எந்த லாரிலயும் அத வச்சதில்ல."

"வீசுனா டீசல் குடிக்கும்ப்பா. பேசாம இருங்க."

பழையதைக் கழற்றி, இடத்தைத் துடைத்துவிட்டுத் திரும்பினால் புது வால்வைக் காணோம். வண்டிக்கடியில் தேடினேன், ரேடியேட்டர் தண்ணீரை வடித்திருந்த சட்டியில் துழாவினேன். அப்பா தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் அளந்து கொடுத்த அளவை மீறித் திருட்டுத்தனமாகத் தண்ணீர் குடித்த நாட்களில் இருக்கும் அதே முகம்.

"கையத் தெறங்க."

உள்ளங்கையில் வால்வு. இறுக்கிப் பிடித்ததில் வட்டமாகத் தடம் பதிந்திருந்தது. மணிக்கட்டுக்கு மேலே ஊசி குத்திக் குத்திப் புடைத்த நரம்பு.

"இது இல்லாம நீ வண்டிய எடுக்க மாட்டேல்ல. நாளைக்கு ஒரு நா ஊசி இல்லாம சும்மா இருப்பேன்ல..."

வால்வே வேண்டாம் என்றதை லாரிக்காரர் வீம்பு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது.

"எனக்கு மட்டும் ஆசையாப்பா? வேலைய விட்டுட்டு இந்த ரோட்டுலயேதான போயிட்டு வந்துட்டு இருக்கேன்!"

அவர் வால்வை நீட்டினார். ஸ்பிரிங் இன்ஜின் பக்கம் இருக்கும்படி வைத்து, ரப்பர் வளையம் போட்டு, போல்ட்டுகளை முறுக்கினேன். கூலன்ட் கலந்த தண்ணீரை ஊற்ற ஊற்ற ரேடியேட்டர் உள்ளே இழுத்துக்கொண்டே இருந்தது. அப்பா உதட்டை நக்கிக்கொண்டார்.

"அதுக்கு மட்டும் அம்புட்டுத் தண்ணி" என்றார்.

மூடியைத் திருகிவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்தேன். வால்வு திறந்தால் ரேடியேட்டருக்குப் போகும் மேல் குழாய் சுட வேண்டும். கை வைத்துப் பார்த்தேன், சுடவில்லை. மறுபடி வைத்தேன். சுடவே வேண்டாம் என்று, சத்தியமாக, ஒரு கணம் எனக்கும் தோன்றியது.

பிறகு சுட்டது. வெடுக்கென்று கையை எடுத்தேன்.

அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெறந்துருச்சா?"

"ம்."

"சரித்தா. காலைல எழுப்பிவிடு."