கோடு வரைக்கும்

"சீட்டைக் கோடு வரைக்கும்தான் ஏத்தினா," என்றார் அத்தான். "அதுக்கு மேல ஒரு நூல்கூட ஏத்தல. அவளுக்குத் தெரியாதா என்ன?"

அவன் அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தான்.

"டேய் கிராமு, எங்கடா? இப்பதான வந்த!"

பந்தயத்தின் முதல் சுற்று நடந்துகொண்டிருந்தது. மரங்களுக்கு நடுவே ஏறும் மண்பாதையில் அக்கா எங்கோ போய்க்கொண்டிருந்தாள், அவனுடைய சைக்கிளில். அவளுடைய சைக்கிளின் பின்சக்கரம் முந்தின நாள் பயிற்சியில் கோணிக்கொண்டது. அவள் போன் பண்ணியபோது அவன் ஒரு லிஃப்டின் கூரைமேல் குந்தியிருந்தான். லிஃப்ட் பழுது பார்ப்பதுதான் அவன் தொழில். ஒரு திருகு தளர்ந்திருந்தாலும் லிஃப்டை நிறுத்திக் கதவில் பலகை மாட்டிவிடுவான். மாடியில் இருப்பவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டினாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டான்.

"உன்னோடத எடுத்துக்கறேன்டா."

"எடுத்துக்கோக்கா. சீட்டை மட்டும் ஏத்திக்கோ."

அவனைவிட அவள் ஒரு தலை உயரம். சீட்டை ஏற்றச் சொன்னதே அவன்தான்.

அது ஹார்ட்டெயில் வகை. முன்னால் மட்டும் சஸ்பென்ஷன், பின்னால் விறைத்த ஃபிரேம். இரும்பைவிட லேசான கார்பன் ஃபிரேமை மட்டும் வாங்கிவந்து மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்த்தான். சமையலறைத் தராசில் ஏறாமல் ஒரு ஆணிகூட அந்தச் சைக்கிளில் ஏறியதில்லை. டயருக்குள் இருந்த ட்யூபை உருவி எறிந்துவிட்டு, ஓட்டையைத் தானே அடைக்கும் வெள்ளைத் திரவத்தை ஊற்றினான். முன்னால் இரண்டு பல்சக்கரம் இருந்த இடத்தில் ஒன்று போதும் என்றான். கைப்பிடி ரப்பருக்குப் பதில் ஸ்பாஞ்சு. அக்கா கதவில் சாய்ந்து வேடிக்கை பார்ப்பாள்.

"டேய், நீ போய் நகம் வெட்டிக்கிட்டு வா. இன்னும் ரெண்டு கிராம் குறையும்."

"உனக்குத் தெரியாதுக்கா. ஏத்தத்துல தெரியும்."

"முடியையும் வழிச்சுக்கடா, பறந்தே போயிடலாம்."

கிராமு என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

குறைப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் கண் சீட் பில்லரில் விழுந்தது. சீட்டைத் தாங்கும் குழாய் அது. அடிப்பாதி ஃபிரேமுக்குள் இறங்கியிருக்கும். அவன் உயரத்துக்கு உள்ளே ஒரு சாண் குழாய் வெட்டியாகக் கிடந்தது. டேப் சுற்றி, மெல்லிய ரம்பத்தால் அடியில் ஒரு விரல் நீளம் அறுத்து எடுத்தான். இருபத்திரண்டு கிராம். அன்று முழுக்க அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பில்லரில் ஒரு கோடு அச்சடித்திருக்கும். அது வெளியே தெரியாதவரைக்கும் உள்ளே வேண்டிய அளவு குழாய் இருக்கிறது என்று அர்த்தம். அவன் அடியை அறுத்தான், கோட்டை விட்டுவிட்டான். அவன் ஓட்டும்போது அது ஃபிரேமுக்குள் ஆழத்தில் கிடக்கும் என்பதால் அதன் நினைப்பே வரவில்லை. இப்போது கோடு பொய்க்கோடு. அக்கா முறைப்படி கோடு வரைக்கும் ஏற்றியிருக்கிறாள். உள்ளே இருப்பது இரண்டு விரற்கடை. அவள் உட்கார்ந்து மிதிக்கும் ஒவ்வொரு மிதிக்கும் அந்தத் துண்டு ஃபிரேமின் வாயை நெம்பும். இரும்பாக இருந்தால் வளைந்து காட்டும். கார்பன் காட்டாது, ஒரேயடியாக உடையும். கூராக உடைந்த குழாயின் மேல் உட்கார்ந்திருப்பவள் விழுவாள். அதற்கு மேல் அவன் நினைக்கவில்லை.

ஏற்றத்தின் நடுவில் கயிறு கட்டிய ஓரத்தில் வந்து நின்றான். மூச்சு இரைத்தது. இரண்டாம் சுற்றில் அவள் வந்தாள். இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாள். முதல் மூன்று பேருக்கு அடுத்த பெரிய பந்தயத்தில் இடம். போன இரண்டு வருடமும் அவள் நான்காவது.

"அக்கா! பில்லரை அடியில அறுத்துட்டேன்! அந்தக் கோட்டை நம்பாத! இறக்கு!"

அவள் முகம் திரும்பியது. புரிந்துவிட்டது. "சாவி?" என்றாள். சைக்கிளில் திருகுசாவி கிடையாது. பையும் சாவியும் எடை என்று அவன்தான் கழற்றியிருந்தான். கயிற்றுக்கு இந்தப்புறம் இருப்பவன் சாவியை நீட்டினாலும், சைக்கிளில் கை வைத்தாலும் ஓட்டுகிறவர் பந்தயத்திலிருந்து வெளியே. பச்சைச் சட்டை போட்ட நடுவர் நான்கு மரம் தள்ளி நின்றிருந்தார்.

"நின்னுக்கிட்டே மிதி! உக்காராத!"

அவள் சீட்டிலிருந்து எழுந்தாள். வாயில் வந்த வசவை முழுதாகச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

நின்று மிதித்தால் பின்சக்கரத்தில் பாரம் இருக்காது. தளர்ந்த சரளையில் வழுக்கும். எடை குறைந்த சைக்கிள் இன்னும் வழுக்கும். மேலே வளைவில் அவள் சக்கரம் சும்மா சுற்றுவதும், ஒரு கால் ஊன்றுவதும், பின்னால் வந்த நீலச் சட்டைக்காரி தாண்டிப் போவதும் கீழிருந்து தெரிந்தது.

அத்தான் இரைக்க இரைக்க ஏறி வந்து சேர்ந்தார். அவன் பில்லரை அறுத்ததைச் சொன்னான். அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"அவகிட்ட நிறுத்தச் சொல்லு மாப்ள."

"சொன்னா நிறுத்துவாளா?"

"மாட்டா."

கடைசிச் சுற்றில் அவள் மூன்றாவதாக வந்தாள். உட்கார்ந்திருந்தாள். தொடை நடுங்குவது தெரிந்தது. இனி நிற்க முடியாது. பின்னால் கூப்பிடு தூரத்தில் இன்னொருத்தி. ஒவ்வொரு மிதிக்கும் சீட்டுக்கு அடியிலிருந்து கறக், கறக் என்று கேட்டது.

"எழுந்துருக்கா!"

"முடியலடா. இன்னும் கொஞ்சம்தான். விடு."

"சத்தம் கேக்குதா?"

"கேக்குது. விடுடா."

இந்த ஏற்றம் முடிந்தால் பாறை இறக்கம். அவன் கயிற்றுக்கு அடியில் குனிந்து பாதைக்கு வந்து இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்தான். சைக்கிள் நின்றது.

"கையை எடு."

"எடுக்க மாட்டேன்."

"கிராமு, கையை எடுடா!" அவள் அவன் தோளில் குத்தினாள். மறுபடியும் குத்தினாள். பின்னால் வந்தவள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனாள். நடுவர் விசில் ஊதினார்.

அக்கா இறங்கினாள். சைக்கிளை அவன் கையிலேயே விட்டுவிட்டுத் தனியாகக் கீழே நடந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அத்தான் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னாலேயே போனார்.

மறுநாள் காலையில் அவன் பில்லரை உருவினான். ஃபிரேமின் வாயைத் துணியால் துடைத்து, டார்ச் அடித்து உள்ளே பார்த்தான். நகத்தால் சுற்றிலும் தடவினான். விரிசல் இல்லை. சத்தம் சீட்டைப் பிடிக்கும் திருகிலிருந்து வந்திருக்கிறது. அது கிரீஸ் இல்லாமல் காய்ந்து கிடந்தது.

அக்கா வேலைக்குக் கிளம்பி, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"உடைஞ்சிருந்துச்சா?"

"இல்லக்கா."

"கொஞ்சம்கூட?"

"இல்ல."

அவள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். அவன் அறுத்த பில்லரைக் குப்பையில் போட்டான். தூறிக்கொண்டிருந்தது. அன்று இரண்டு கட்டடங்களில் வேலை இருந்தது. பஸ்ஸில் போனான்.