கண்ணாடிக் காசும் பல் உடைந்த வைஸும்

ஒத்தக்கண்ணன் என்ற பெயர் அவருக்கு முதலில் வந்தது. கண் போனது பிறகுதான். வலது கண்ணில் லென்ஸைச் செருகி, இடது கண்ணை மூடிக்கொண்டு, கடை திறந்ததிலிருந்து சாத்தும்வரை பழைய காசுகளையே பார்த்துக்கொண்டிருக்கும் ஆளுக்குச் சந்தைக்காரர்கள் வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

மூன்றாம் வகுப்பைத் தாண்டாத மனுஷன். இரும்புக் கடையில் மூட்டை தூக்கி, வார்ப்புப் பட்டறையில் சம்மட்டி அடித்து, அந்தக் கைகளோடுதான் காசுத் தொழிலுக்கு வந்தார். அச்சடிக்கும்போது நேர்ந்த பிசகு காசில் விழுந்திருந்தால், பழைய காசு சேர்ப்பவர்களிடம் அதற்குத் தனி விலை. நடுவைவிட்டு விலகி அடித்தது, எழுத்து இரட்டையாய் விழுந்தது என்று எத்தனையோ ரகம். எல்லாவற்றுக்கும் ராஜா கண்ணாடிக் காசு. அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்த வெற்றுத் தகடு அதன்மேல் அடி வாங்கும். அப்போது ஒரு பக்கம் தலை புடைத்து நிற்கும், மறுபக்கம் பூ இருக்க வேண்டிய இடத்தில் அதே தலை இடவலம் மாறிக் குழியாய் விழுந்திருக்கும்.

"அச்சுக்கூடம் தப்பு பண்ணா அதுக்கு விலை இருக்கு. நீ பண்ணா உதைதான் இருக்கு" என்பார், காசைத் தாங்களே நோண்டிப் பிசகாக்கிக்கொண்டு வருகிறவர்களிடம்.

அவர் கடையில் ஒரு வழக்கம். போலி என்று வாயால் சொன்ன கையோடு, காசு மேசையோரத்துப் பட்டடைக் கல்லுக்குப் போகும். மேலே உளி, ஒரே அடி. குறுக்கே வெட்டு வாங்கிய காசை அப்புறம் எந்தக் கொம்பனும் விற்க முடியாது. ஏலக்காரர்களே "ஒத்தக்கண்ணன் பாத்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் காசைத் தொடுவார்கள். அப்பன் எழுதி வைத்துவிட்டுப் போன பெயரா அது? ஒவ்வொரு அடியாய் அடித்துச் சம்பாதித்தது.

ஒரு மத்தியானம் அந்தக் கடையின் கண்ணாடிக் கதவை உடைத்துக்கொண்டு ஒரு ஆள் உள்ளே வந்து விழுந்தான். அவருடைய தங்கச்சி புருஷன். லேத் பட்டறைக்காரன். உதடு கிழிந்து தொங்கியது. பின்னாலேயே லாரி முதலாளியும் இரண்டு டிரைவர்களும் சில்லுகளை மிதித்துக்கொண்டு வந்தார்கள். ஒரு டிரைவர் கையில் ஜாக்கி கம்பி.

முதலாளி மேசைமேல் ஒரு காசை எறிந்தார். கண்ணாடிக் காசு.

"உன் மாப்ள எங்கிட்ட வித்தது. நீ பாத்து ஒரிஜினல்னு சொன்னியாம். ஏலத்துல எல்லாரும் சிரிக்கிறானுங்க. இப்ப என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. ஒரிஜினல்னா போயிடறேன். இல்லன்னா இவன் கை இங்கயே கூழு."

"மச்சான், ஆமான்னு சொல்லுங்க மச்சான்!" என்று தரையிலிருந்து அழுதான் லேத்காரன். பின்னாலேயே ஓடிவந்த தங்கச்சி வாசலில் மூச்சிரைக்க நின்று, சொல்லிவிடு அண்ணே என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

ஒத்தக்கண்ணன் லென்ஸைச் செருகினார். குழித் தலை கூர்மையாகத்தான் இருந்தது, பயல் கைகாரன். காசின் விளிம்பைத் திருப்பினார். எதிரெதிர் இரண்டு இடத்தில் பொடிப்பொடியாய்ப் பல் தடம். காசைப் பட்டறை வைஸின் இரும்புப் பற்களுக்கு நடுவில் நிறுத்தி இறுக்கி, ஒரு பக்கத்தை அரத்தால் வழித்துவிட்டு, வேறொரு காசை வைத்து அழுத்தியிருக்கிறான். தடத்தில் ஒரு பல் மட்டும் இல்லை. அந்தப் பல் எப்போது உடைந்தது என்று அவருக்குத் தெரியும். தங்கச்சி கல்யாணத்துக்கு அவரே வாங்கிக் கொடுத்த வைஸ்; வண்டியிலிருந்து இறக்கும்போது உடைந்தது.

ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் மாப்பிள்ளையின் கை தப்பும். ஆனால் அந்தக் கடையில் அதுவரை அந்த வார்த்தை பொய்யாய் விழுந்ததில்லை.

"போலி" என்றார். யோசனை வருவதற்குள் கை முந்திக்கொண்டது. உளி, சுத்தியல், அடி. காசின் குறுக்கே வெட்டு பளிச்சென்று விழுந்தது.

"எங்கிட்டயே என் காசை வெட்டறியா?" முதலாளி சுத்தியலைப் பிடுங்கினார். டிரைவர்கள் லேத்காரனின் வலது கையை இழுத்துப் பட்டடைக் கல்மேல் விரித்தார்கள். தங்கச்சி அலறினாள்.

சுத்தியல் மேலே போனது. இறங்குவதற்குள் ஒத்தக்கண்ணன் மேசையைத் தாண்டியிருந்தார். மூட்டை தூக்கிய கை முதலாளியின் மணிக்கட்டைப் பிடித்தது. நெற்றியால் ஒரு முட்டு. மூக்கு உடைந்த சத்தம் தெருவுக்கே கேட்டது. ஒரு டிரைவர் அவர் காலைக் கட்டிப்பிடித்தான். உதைத்த உதையில் அலமாரியோடு சரிந்தான், நூறு வருஷத்துக் காசெல்லாம் அவன் தலையில் கொட்டியது. மற்றவன் ஜாக்கி கம்பியை ஓங்கி முகத்தில் வீசினான்.

கம்பி லென்ஸ்மேல் விழுந்தது. லென்ஸ் கண்ணுக்குள் உடைந்தது.

ரத்தம் தாடியில் வழிந்து சட்டைக்குள் இறங்கியது. அப்போதும் பிடித்த மணிக்கட்டை விடவில்லை. முறுக்கினார். எலும்பு சொடுக்கென்றது, சுத்தியல் வெறுங்கல்லில் விழுந்து நங்கென்று அதிர்ந்தது. லேத்காரனின் விரல் அத்தனையும் இருந்தது.

முதலாளி காசுகளுக்கு நடுவே உட்கார்ந்து மூக்கைப் பொத்திக்கொண்டார். "யோவ், ஒரிஜினல்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பேசாம போயிருப்பேனேய்யா!"

"அது ஒரிஜினல் இல்லயே" என்றார் ஒத்தக்கண்ணன், கண்ணைப் பொத்தியபடி.

ஆஸ்பத்திரியில் தங்கச்சி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "பொய் சொல்லித் தொலைச்சா என்னண்ணே? கண்ணு போச்சே!"

"இன்னொண்ணு இருக்குல்ல."

அவள் திரும்பி, புருஷன் கன்னத்தில் விட்டாள் ஒரு அறை, நர்ஸ் ஓடிவந்தாள். அத்தோடு விட்டாளா? பட்டறையிலிருந்து வைஸைக் கழற்றச் சொல்லி, அவன் தலையிலேயே ஏற்றிச் சந்தை வழியாக அண்ணன் கடைவரை நடக்கவைத்தாள். இன்றும் அது வாசல் பலகையில்தான் இருக்கிறது, பல் உடைந்த பக்கம் தெருவைப் பார்த்தபடி.

கட்டுப் பிரித்துக் கடை திறந்த கொஞ்ச நாளில் லாரி முதலாளி வந்தார், தனியாக, கோணல் மூக்கோடு. ஒரு காசை மேசைமேல் மெதுவாக வைத்தார்.

"இங்க என்னத்துக்கு வந்தீங்க? ஊர்ல வேற ஆளில்லயா?" என்றார் ஒத்தக்கண்ணன்.

"தங்கச்சி புருஷனுக்காகவே பொய் சொல்லாதவன் எனக்கா சொல்லப்போற? பாருய்யா."

புது லென்ஸ் இடது கண்ணுக்குப் போனது. விளிம்பு, தலை, மறுபடி விளிம்பு.

"போலி."

முதலாளி பல்லைக் கடித்தார். பிறகு காசை எடுத்து, தானே பட்டடைக் கல்மேல் வைத்து, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நாலடி தள்ளி நின்றார்.

"ம். அடி."