மொர்லேக்கு அருகே ஒரு சிற்றாலயம், ஒரு பிடி தூசி

ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை மாலை மொன்றியலில் விமானம் ஏறினோம், நானும் குணம் அண்ணையும். அவர் நகரின் புறத்தே கர்க்லாண்டில் வீடு வாங்கி இருப்பவர், நெடுநாளாக டாக்சி ஓட்டுகிறார். நான் வில்லரேயில் ஒரு நிலக்கீழ் அறையில் இருக்கிறேன். வேலை உணவகங்களில். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், ஓரிடத்தில் தரித்திருந்து பழக்கமில்லாதவன். யாராவது "வாறியோ?" என்று கேட்டால் பையைத் தூக்கிவிடுவேன். குணம் அண்ணை கேட்டது என் பிரெஞ்சுக்காக. அவருடைய பிரெஞ்சு டாக்சிக்குள் மட்டும் செல்லும்.

போன காரணம் அவருடைய மகன் நிலவன். பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவன் மூன்றாம் வருடத்தில் அதை விட்டுவிட்டு, தச்சுவேலை பழகப் பிரான்சுக்குப் போனான். "மரம் சீவப் போறதெண்டால் இந்த வீட்டுப் படி ஏறாதை" என்று தகப்பன் சொன்னார். அவன் ஏறவில்லை. நான்கு வருடமாகத் தாயோடு மட்டும் தொலைபேசியில் கதைத்தான். தை மாதத்துக்குப் பிறகு அதுவும் நின்றது. கடைசியாக அவன் அனுப்பியது ஒரு படம்: சாரம் கட்டிய பழைய கல் தேவாலயம், பக்கத்தில் ஒரு பெயர்ப்பலகை. அந்தப் படத்தைப் பெரிதாக்கி ஊரின் பெயரை வாசித்தவர் குணம் அண்ணைதான். அவருக்கு அன்றிலிருந்து நித்திரை இல்லை என்று மனைவி சரோ அக்கா சொன்னார்.

செவ்வாய்க்கிழமை. பாரிசில் இறங்கி, மொன்பர்னாஸ் நிலையத்தில் ரயில் பிடித்தோம். பிரான்சின் மேற்கு மூலையில் பிரெத்தாஞ் என்ற பகுதி கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் வடகரையில் மொர்லே நகரம். மூன்று மணித்தியாலப் பயணம், ஆளுக்கு எழுபது யூரோ. நகரத்துக்கு மேலாக ரயில்பாதைக்கு ஒரு பெரிய கற்பாலம் போகிறது. அதன் காலடியில் இருந்த விடுதியில் ஓர் அறை எடுத்தோம். கட்டில் ஒன்று குறைவாக இருந்தது. நான் நிலத்தில் படுத்தேன். இதைவிட மோசமான நிலங்களில் படுத்திருக்கிறேன்.

புதன்கிழமை காலை ஒரு சிறு காரை வாடகைக்கு எடுத்தோம். கியர் வண்டி. அடுத்தவர் ஓட்டக் குணம் அண்ணையால் பக்கத்தில் இருக்க முடியாது, அதனால் அவரே ஏறினார். முதல் சுற்றுவட்டத்திலேயே வண்டி இருமி நின்றது. பின்னால் ஹோர்ன்.

"டாக்சிக்காரன் எண்டு வெளியில சொல்லிப்போடாதேங்கோ அண்ணை."

"வாயைப் பொத்திக்கொண்டு ரோட்டைப் பார். இந்தக் கியர் நான் கலியாணம் கட்ட முதல் பிடிச்சது."

இருபது கிலோமீட்டர் தெற்கே, வேலிகளுக்கிடையில் ஒரு கார் மட்டும் போகக்கூடிய பாதை. ஆறு வீடுகள், கொஞ்சம் மாடு, படத்தில் இருந்த அந்தச் சிற்றாலயம். ஊரின் பெயரை எழுதினால் உங்களுக்கு வாசிக்க வராது, எனக்கும் வரவில்லை. சாரத்தைக் காணவில்லை. அதைக் கண்டதும் குணம் அண்ணை வண்டியை நிறுத்தினார், இறங்கவில்லை.

"வேலை முடிஞ்சுதுபோல."

"கேப்பம் அண்ணை. இறங்குங்கோ."

பூட்டிய கதவில் ஓர் அட்டை: பூட்டுத் திறப்பு எதிர்வீட்டில். திறப்போடு வந்தவர் எழுபது வயதிருக்கும் ஒரு பெண், காலில் ரப்பர் சப்பாத்து. என் பிரெஞ்சைக் கேட்டுச் சிரித்துவிட்டார்: "நிறத்தைப் பார்த்து இந்தியா என்று நினைத்தேன், வாயைத் திறந்தால் கியூபெக் வருகிறதே!" நிலவனின் பெயரைச் சொன்னதும் சிரிப்பு மாறியது. குணம் அண்ணையின் முகத்தை உற்றுப் பார்த்தார். "தகப்பனா?" என்று என்னிடம் கேட்டார்.

நிலவன் சுகமாக இருந்தான், குளிர்காலம் முழுவதும் தன் வீட்டில்தான் சூப் குடித்தான் என்றார். மூன்று கிழமைக்கு முன் கூரை வேலை முடிந்தது. தச்சர்கள் பிரிந்து போனார்கள். எங்கே என்று அவன் சொல்லவில்லை. அவனுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன், என்றார். நான் தமிழில் சொன்னேன். குணம் அண்ணை "சாப்பிட்டவன்தானே" என்றார். பிறகு, "அவன் செய்த இடத்தைக் காட்டச் சொல்லு" என்றார்.

கட்டடத்தைப் பற்றி அந்தப் பெண் சொன்னதையும் சுவரில் எழுதியிருந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். வயது ஐந்நூறு ஆண்டுக்கு மேல். பிரெத்தாஞ் தனி அரசாக இருந்த காலம். நிலம் கொடுத்தது ஒரு பிரபு குடும்பம். பணம் கொடுத்தவர்கள் லினன் துணி நெய்து மொர்லேயில் கப்பலேற்றிய வியாபாரிகள். சுவர் முழுவதும் அந்த மண்ணின் கருங்கல். மேற்குச் சுவரின் உச்சியில் மெல்லிய மணிக்கூண்டு நிற்கிறது. அதற்கு ஏறும் படிகள் கூரைச் சரிவின் ஓரமாக வெளியே, மழையில். வாசலுக்கு மேலே பிரபுவின் சின்னம் இருந்த இடத்தில் ஒரு கொத்திய தழும்பு. அரசனை வெட்டிய புரட்சியின்போது அதையும் கொத்தினார்களாம்.

எங்களை அறியாமலே சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். கல் காலைக் கடித்தது. அண்ணாந்து பார்த்தால், கவிழ்த்துப் போட்ட தோணி. கூரை கட்டியவர்கள் கப்பல் கட்டுகிற தச்சர்கள், தெரிந்ததைத்தான் கட்டினார்கள். நீலம் பூசிய பலகைகள், இரும்பாணி இல்லை, எல்லாம் மர முளை. குறுக்கு உத்தரங்களின் இரு நுனியையும் ஒவ்வொரு பூதம் வாயால் கவ்வியிருக்கிறது. நம் கோயில் யாளியைப் பார்த்தவனுக்கு அது அந்நியமில்லை. சுவரும் கூரையும் சேரும் இடத்தில் ஓடும் மரத்தில் வரிசையாகச் சிற்பம்: கலப்பை பிடிக்கிறவன், பீப்பாயில் வாய் வைத்துக் குடிக்கிறவன், கோழிகளுக்குப் பிரசங்கம் செய்கிற நரி.

வடக்குச் சுவரில் அந்தக் கறுத்த மரத்துக்கு நடுவே நான்கு முழ நீளத்துக்கு வெளிறிய புது மரம். அதில் ஒன்றுமே இல்லை. வெறுமை.

"இதுவோ?" என்றார் குணம் அண்ணை. "எங்கட பெடியன் ஒண்டும் செதுக்கேல்லையோ?"

கேட்டுச் சொன்னேன். பழைய மரம் உக்கி விழுந்துவிட்டது, அதில் என்ன இருந்ததென்று யாருக்கும் தெரியாது. தெரியாததைக் கற்பனை செய்து செதுக்கக்கூடாது என்பது அவர்கள் வேலை முறையாம். அதனால் வெறுமையாக விடுவார்கள்.

"விடத் தெரிஞ்சிருக்கு அவனுக்கு" என்றார் அவர். இருக்கிற மர வாங்கில் ஏறி நின்று, பழைய மரமும் புது மரமும் பொருந்தும் இடத்தை விரலால் தடவினார். நெடுநேரம் தடவினார். நகம் போக இடமில்லை.

அந்தப் பெண் தும்புத்தடியை எடுத்ததும் குணம் அண்ணை இறங்கி அதை வாங்கிக்கொண்டார். கோயிலில் ஒருவர் கூட்ட, மற்றவர் பார்த்துக்கொண்டு நிற்பது நமக்கு ஆகாது. பின்சுவரிலிருந்து வாசல்வரை கூட்டிச் சேர்த்தார். அந்தப் பெண் குனிந்து அந்தத் தூசியில் ஒரு பிடி அள்ளி அண்ணையின் கையில் வைத்தார். அண்ணை இடது கைக்கு மேல் வலது கையை வைத்து ஏந்தி வாங்கினார். "சிவ சிவா" என்று மூன்று விரலால் நெற்றியில் இழுத்தார்.

அந்தப் பெண் திகைத்துப்போய் நின்றார். பிறகுதான் விளக்கினார். பூசுவதற்கு இல்லை அது. முன்பு கடலுக்குப் போனவர்களின் பெண்கள் ஆலயத்தைக் கூட்டி, அந்தத் தூசியை, ஆள் எந்தப் பக்கமிருந்து வரவேண்டுமோ அந்தப் பக்கத்துக்கு ஊதிவிடுவார்களாம். காற்று திரும்பிக் கொண்டுவந்து சேர்க்குமாம். தன் பேத்தியே இதைக் கேட்டால் சிரிப்பாள், என்றாலும் பரவாயில்லை என்றார். "எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

குணம் அண்ணை வாசலில் நின்றார். எதிர்வீட்டுக்கு அப்பால் சோள வயல், வலப்பக்கம் கார் வந்த பாதை, இடப்பக்கம் காடு. ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். கை மூடியே இருந்தது.

"அண்ணை, ஏதாவதொரு பக்கம் ஊதிவிடுங்கோ."

"தெரியாமல் எப்பிடியடா ஊதுறது?" என்றார். சட்டைப்பையிலிருந்து கைதுடைக்கிற கடதாசித் துவாயை எடுத்து, தூசியைக் கொட்டி மடித்தார். "தெரிஞ்சாப் பிறகு பாப்பம்."

திரும்பிப் போகும்போது ஒரு சுற்றுவட்டத்திலும் வண்டி நிற்கவில்லை. அதைச் சொல்லிப் பகிடி விட எனக்கு மனம் வரவில்லை.

ஆவணியில் ஒரு ஞாயிறு கர்க்லாண்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். பையன் சுகமாக இருக்கிறான் என்ற சேதியிலேயே சரோ அக்கா கொஞ்சம் தேறியிருந்தார். அவனிடமிருந்து தொலைபேசி அழைப்பு இன்னும் வரவில்லை. சாமியறையில் திருநீற்றுத் தட்டை நீட்டினார். பூசியபோது நெற்றியில் நறநறத்தது.

"அக்கா, திருநீறு ஏன் மண்நிறமாக் கிடக்கு?"

"இவர் பிரான்சில ஒரு கோயிலில இருந்து கொண்டுவந்ததெல்லோ. துவாய்க்குள்ள கிடந்து வீணாப்போகுமெண்டு நான் தட்டில கொட்டிக் கலந்திட்டன்."

நான் குணம் அண்ணையைப் பார்த்தேன். தூசி எதற்கென்று மனைவியிடம் அவர் சொல்லியிருக்கவில்லை. "கிடக்கட்டும்" என்றார் மெல்ல. அந்தத் தோணிக்கூரையும் வெறும் மரமும் என் கண்ணுக்குள் வந்தன. அங்கேயே, எந்தப் பக்கமென்றாலும், ஊதிவிட்டு வந்திருக்கலாம்.

சாப்பாடு முடிந்ததும் அவர் கைகழுவி, மீண்டும் சாமியறைக்குப் போய் மூன்று விரலால் அள்ளிப் பூசிக்கொண்டு டாக்சித் திறப்பை எடுத்தார். பின்னேர ஓட்டம். வாசல்வரை போனேன்.

"இண்டைக்கு எந்தப் பக்கம் அண்ணை?"

"கூப்பிடுற பக்கம்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.