அம்மாவின் உள்ளங்கை

தில்லியில் எங்கள் ஜுக்கிக்கு, அந்தக் குடிசைப் பகுதிக்கு, தண்ணீர் டேங்கர் வருவது நின்றபோது கையாலேயே போர் போட்டோம். அப்பாவும் பக்கத்து வீட்டு மாமாவும் இரும்புக் குழாயை மூங்கிலால் நெம்பித் தூக்கித் தூக்கிப் போட்டார்கள். குழாய் எழும்போது அதன் வாயை அம்மா உள்ளங்கையால் மூடி, விழும்போது திறந்தாள்; சேறு மேலே பீறிட்டது. மதியத்துக்குள் விளிம்பு அவள் கையைக் கிழித்துவிட்டது.

“வலிக்குதுங்க, கொஞ்சம் நிறுத்துங்க.”

“நிறுத்தினா மண்ணு சரிஞ்சு குழாய் மாட்டிக்கும். கையை எடுக்காதடி!” என்று அப்பா கத்தினார்.

சாயங்காலம் தண்ணீர் வந்தது. எல்லோரும் குடத்தோடு ஓடினார்கள்.

அம்மாவின் கை சீழ் பிடித்து, விரல்கள் மடங்காமலே போயின. அந்தப் போரில் மாட்டிய கைப்பம்பை அவள் மெதுவாக அடிப்பதைப் பார்த்து, வரிசையில் பின்னால் நின்ற மாமாவின் மனைவி சொன்னாள்: “கை விளங்காதவ எதுக்கு முன்னாடி நிக்கிற? ஜல்தி நகரு.”

அப்பா அங்கேதான் நின்றிருந்தார். “பின்னாடி போடி,” என்றார். அம்மா போனாள்.