தண்ணீர் போன வழி

தாம்பரம் தாண்டியுள்ள எங்கள் பொறியியல் கல்லூரிக்கு, மாணவர்களுக்கு ஓவியப் பயிற்சி தர ஒருநாள் ஓவியர் ஒருவர் வந்தார். ஒல்லியான மனிதர். பென்சில் சீவிய தூளைக் கீழே போடாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். என்னிடம் வடிகால் பாடம் படிக்கும் மாணவர்களை வெளியே அழைத்துப்போய், "தரையில தண்ணி ஊத்துங்க. அது போற வழிய சாக்பீஸால வரைங்க" என்றார். விளையாட்டுத்தனம் என்று நினைத்தேன்.

கோடுகள் எல்லாம் மழைநீர்க் கால்வாயை விட்டு விலகி, நூலக வாசலில் போய்ச் சேர்ந்தன.

"இந்தக் கால்வாய்க்கு பிளான் போட்டது யாரு சார்?"

"நான்தான்."

அவர் சிரிக்கவில்லை. சாக்பீஸை என்னிடம் நீட்டி, "நீங்களும் ஒண்ணு வரைங்க சார்" என்றார்.

வகுப்பு இருப்பதாகச் சொல்லி நகர்ந்துவிட்டேன். என் வகுப்பே அங்கேதான் நின்றுகொண்டிருந்தது.

மழை நாளில் இப்போதும் நூலகத்துக்குப் பின்வாசல் வழியாகத்தான் போகிறேன்.