மொட்டை மாடியில் ஒரு கடல் வகுப்பு

கொரோனாவுக்காக ஊரே பூட்டிக் கிடந்த சமயம். மைசூரில், தேவராஜ மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒற்றை அறையில் இருந்தேன். நாற்பது வருஷம் அந்த மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவன். வெங்காய மூட்டை முதுகில் ஏறும்போதே எந்த ஊர்ச் சரக்கு என்று வாசனையில் சொல்லிவிடுவேன். அது கிடக்கட்டும். மனைவி போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. மகன் திருப்பூரில்; வர வழியில்லை.

மாடியில் குடிவந்த பெண், கடலுக்கடியில் நீந்தக் கற்றுக்கொடுப்பவள். கடற்கரையில் அவள் வேலை பார்த்த, கடலில் இறங்கப் பழக்கும் கடையை மூடிவிட்டார்கள். அதனால் கடலே இல்லாத மைசூரில், மொட்டை மாடியில் லேப்டாப்பை வைத்துப் பாடம் நடத்துவாள். ஸ்ரீரங்கப்பட்டணத்து ஆற்றில் முழங்காலுக்கு மேல் இறங்காதவன் நான். இருந்தாலும் துணி காயப்போடும் சாக்கில் போய் நிற்பேன். ஒரே லுங்கியை மூன்று தரம் உதறிக் காயப்போட்ட நாளும் உண்டு. மனிதக் குரல் கேட்கத்தான்.

ஒரு நாள் காலையில் அவளே கூப்பிட்டாள். "தாத்தா, ஸ்வல்ப, கொஞ்சம் இங்க வாங்க. கடலுக்குள்ள யாரும் தனியா போகக்கூடாது. ஜோடியா போகணும், ஒருத்தர ஒருத்தர் செக் பண்ணணும். அதக் காட்ட ஒரு ஆள் வேணும்."

"இந்த வயசுல எனக்கு ஜோடியா கண்ணு?" என்றேன். லேப்டாப்பில் இருந்த முகங்களெல்லாம் சிரித்தன.

கடலுக்குள் இறங்கும்போது போடும் ஜாக்கெட்டை எனக்கு மாட்டி, ஒவ்வொரு வாராக இழுத்துப் பார்த்தாள். ஒரு மனுஷக் கை என்னைத் தொட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று யோசித்தேன். தண்ணீருக்குள் பேச முடியாது, எல்லாம் கை ஜாடைதான். இரண்டு விரலை வளையமாகச் சேர்த்தால் நலம். கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டினால் ஏதோ சரியில்லை. பிறகு எங்கே என்று தொட்டுக் காட்ட வேண்டும்.

எனக்கு நாலு நாளாக நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த தெருவில் ஆம்புலன்ஸில் ஏறிப் போனவர் திரும்பவே இல்லை. கடைசியில் அவர் முகத்தைக்கூட வீட்டார் பார்க்கவில்லை. அந்தப் பயம்.

அவள் எதிரே நின்று வளையம் காட்டினாள். நானும் அதையே காட்டியிருக்க வேண்டும். என் கை விரிந்து ஆடியது.

"அய்யோ, அது இல்ல தாத்தா! நல்லாருக்கேன்னு காட்டுங்க." மறுபடி சிரிப்பு.

திரும்பவும் ஆட்டினேன். பிறகு ஒரு விரலால் நெஞ்சைத் தொட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"நிஜமாவா?" என்றாள். தலையாட்டினேன்.

லேப்டாப்பை மூடக்கூட இல்லை, ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பறந்தாள். ஜாக்கெட்டைக் கழற்ற இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. வழியில் நிறுத்திய போலீஸ்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் விட்டார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ், "கூட வந்தது யாரு? மகளா?" என்று கேட்டாள்.

"இல்ல, மாடி வீடு" என்றாள் இவள்.

இதயத்தில் அடைப்பு. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டேன் என்றார் டாக்டர்.

கடை திறந்ததும் அவள் கடலுக்குப் போய்விட்டாள். மாடி பூட்டிக் கிடக்கிறது. சாயங்காலம் மகன் போன் செய்து எப்படி இருக்கீங்க என்று கேட்டால், முட்டி வலிக்கிறது, சோறு இறங்கவில்லை, பேச ஆளில்லை என்று இப்போதெல்லாம் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். என்ன சொல்வது என்று தெரியாமல் அவன் சும்மா இருக்கிறான், ஆனால் போனை வைப்பதில்லை, எனக்கு அது போதுமாக இருக்கிறது.