தியோடர் காத்த ரகசியம்

என் அக்கா டோரீனின் கணவர் தியோடருக்கு ஓரிடத்தில் உட்கார வராது. நானும் அவர்களோடு இருந்த பிரேசர் டவுன் வீட்டில் பேப்பரைக்கூட நடந்துகொண்டேதான் படிப்பார். பீன்யாவில் கேஸ் ரெகுலேட்டர் செய்யும் ஒரு கம்பெனியில் அவர் சூப்பிரண்டெண்ட். ஐ.டி.ஐ. முடித்து, மெஷினில் நின்று, இருபத்திரண்டு வருஷத்தில் மேலே வந்தவர். அங்கேயே டிஸ்பாட்ச் கிளார்க் வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அந்த நன்றிக்காக எதையும் பூசி மெழுகப் போவதில்லை. நல்ல மனிதர். ஆனால் நல்லவராக இருப்பதில் அவருக்கு இருந்த பிடிவாதம் எனக்குப் பல நாள் எரிச்சலைக் கிளப்பியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஒரு ஆள், கம்பெனியில் வேறு ஆள் என்று இருக்கக்கூடாது என்பது அவர் கட்சி. அதற்காக ஷெட்டில் ஜெபமும் சொல்லவில்லை, படமும் மாட்டவில்லை. ஒரே ஒரு ஏற்பாடு செய்தார். தப்பு செய்தவன் தானாக அவருடைய கண்ணாடி ரூமுக்கு வந்து சொன்னால் மெமோ கிடையாது, பெயரும் வெளியே போகாது. சரிசெய்ய வேண்டியதை அவர் பார்த்துக்கொள்வார். ஆட்கள் வந்தார்கள். உடைந்த டூலும் அளவு தப்பிய பீஸும் ஒளியாமல் வெளியே வந்தன. கழிக்கிற பீஸ் பாதியாகக் குறைந்தது. கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் கூண்டை நினைத்து, அந்த ரூமுக்குப் பாவசங்கீர்த்தனத் தொட்டி என்று நான் பெயர் வைத்தேன். மச்சான் முறைத்தார், ஆனால் உள்ளுக்குள் அவருக்குப் பெருமைதான்.

1994 தவக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சந்திரன் அங்கே போனான். ஸ்ரீராம்புரத்துக்காரன், நாலு பேர் முன்னால் வாய் திறக்கத் தெரியாதவன். டெஸ்டிங் டேபிளில் அவனும் அசோகனும் இரண்டே பேர். ஒவ்வொரு ரெகுலேட்டரிலும் காற்றை ஏற்றித் தண்ணீரில் முக்கி, குமிழி வராவிட்டால் பச்சைப் புள்ளி வைக்கவேண்டும். முந்தின நாள் மத்தியானம் கரண்ட் போய் கம்ப்ரஸர் நின்றது. அசோகன் டீக்குப் போயிருந்த நேரத்தில், மீதி இருநூறு பீஸுக்கும் முக்காமலே சந்திரன் பச்சை வைத்துவிட்டான்.

யார், என்ன என்று சொல்லாமல் மச்சான் என்னிடம் ஓடிவந்து, லாரியில் ஏற்றிய பெட்டிகளை இறக்கச் சொன்னார். திரும்ப முக்கிப் பார்த்ததில் பதினொன்று குமிழி விட்டன. பதினோரு வீட்டு அடுப்பங்கரைகளில் கேஸ் கசிந்திருக்கும்.

ஆபத்து போயிற்று, ஆனால் மேனேஜர் கோவிந்தராஜன் விடவில்லை. டேபிளுக்கு அசோகன் பொறுப்பு என்பதால் டெஸ்ட் ஷீட்டில் அவன் கையெழுத்து இருந்தது. யூனியனில் சத்தம் போடுகிறவன் வேறு. அன்று மாலையே அவனை சஸ்பெண்ட் செய்தார்கள். சனிக்கிழமை விசாரணை, அதோடு வேலை போய்விடும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மச்சான் வாயைத் திறக்கவில்லை. இருந்ததே இரண்டு பேர். அசோகன் இல்லை என்று சொன்னாலே சந்திரனைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். இதற்கு மேலே இன்னொன்றும் செய்தார். சங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் வெளியே வந்தபின் அந்த ஆளிடம்கூடப் பேச்செடுக்கக்கூடாது. அந்தச் சட்டத்தையும் மச்சான் தன் தலையில் ஏற்றிக்கொண்டார். கேன்டீனில் சந்திரன் எதிரே வந்தால் சாம்பார் வாளியைப் பார்த்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்.

வீட்டிலோ ஹாலுக்கும் சமையலறைக்கும் நடையோ நடை. சாப்பாடு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம் முடிந்து வந்ததும் அக்கா பிடித்துக்கொண்டாள்.

"யாருன்னு உங்களுக்குத் தெரியும், இல்ல?"

"தெரியும். சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன்."

"அந்த ஆளையே கூப்பிட்டு, நீயே போய் சொல்லுப்பான்னாவது சொன்னீங்களா?"

"அவங்கிட்டகூட அத எடுக்கக்கூடாது டோரீன். அதான் மொற."

"எந்த பிஷப் உங்க தலைல கை வச்சு சாமியாராக்குனாரு? நீங்க சூப்பிரண்டெண்டு. நாளைக்கு அசோகன் பொண்டாட்டி வந்து நின்னா அவளுக்கு எந்த மொறைய சொல்லுவீங்க?"

மச்சான் வாசலுக்கும் ஹாலுக்கும் நடக்க ஆரம்பித்தார். அவரைப் பிடித்து உலுக்கவேண்டும் போல எனக்கு இருந்தது.

பெட்டிகளை இறக்கியவன் என்று என்னையும் விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அசோகன் அன்று சத்தம் போடவில்லை. துவைத்துத் தேய்த்த சட்டையோடு, முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். அதைப் பார்க்கத்தான் முடியவில்லை. கோவிந்தராஜன் வேலைநீக்கக் கடிதத்தை எடுத்தபோது மச்சான் எழுந்தார்.

"அசோகன் இல்ல சார். சந்திரன். செவ்வாக்கெழமையே எங்கிட்ட வந்து சொல்லிட்டாரு. வெளிய சொல்ல மாட்டேன்னு நான்தான் வாக்கு குடுத்தேன். அத இப்ப ஒடைக்கறேன். நாலு நாளு இவர சும்மா உக்கார வச்சது என் தப்பு, அதயும் எழுதிக்குங்க."

யார் என்ன சொன்னார்கள் என்று கேட்கக்கூட நிற்கவில்லை. நேரே டெஸ்டிங் டேபிளுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். சந்திரன் ரெகுலேட்டரை முக்கிக்கொண்டிருந்தான்.

"சந்திரா, உன் பேர சொல்லிட்டேன். மன்னிச்சுக்கப்பா."

சந்திரன் கையைத் துடைத்துக்கொண்டான். கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் கண் கலங்கிவிட்டது.

"ஷீட்ல அசோகன் கையெழுத்து, மேல நீங்க சொல்லிடுவீங்கன்னுதானே சார் உங்ககிட்ட வந்தேன். பேர மறைங்கன்னு நான் கேக்கலியே. அவ்ளோ பேரு முன்னாடி எனக்குப் பேச வராது. நீங்க என்னப் பாத்தா தலையத் திருப்பிக்கினு போனீங்க. இவன் மூஞ்சிலயே முழிக்கக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டீங்கன்னு நெனச்சேன். ஒரு வார்த்த, வாடா போலாம்னு கூப்பிட்டிருந்தா அன்னிக்கே வந்திருப்பேன்."

மச்சான் டேபிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாலு நாள் இவர் எதைக் காப்பாற்றினார்? அவன் கேட்காத ஒன்றை. அன்று அவருக்காக நான் வெட்கப்பட்டேன், அழவும் வந்தது.

அசோகனைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். சந்திரனுக்கு ஒரு மாதம் சஸ்பென்ஷன். மச்சானுக்கு வார்னிங் லெட்டர். அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் கோயிலில் சங்கீர்த்தன வரிசையில் என்னோடு நின்றார். முன்னால் மூன்று பேர்தான். அவர் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டே இருந்தார்.

"வாக்க ஒடச்சதயா சொல்லப் போறீங்க மச்சான்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இல்லடா. நான் மூஞ்சியத் திருப்பிக்கினு போனத."

முன்னால் இருந்தவர்களில் ஒருவர் உள்ளே போனார். மச்சான் மறுபடியும் கால் மாற்றினார். பிறகு என் தோளைத் தட்டினார்.

"இத மொதல்ல அவங்கிட்ட சொல்லிட்டு வந்துடறேன். ஸ்ரீராம்புரத்துக்கு இப்ப பஸ் இருக்கும்."

வரிசையை விட்டு விறுவிறுவென்று வெளியே போனார். அவர் இடத்தில் யாரையும் விடாமல் கோயில் கதவு சாத்தும்வரை நான் நின்றிருந்தேன். அவர் வரவில்லை. சந்திரன் வீட்டில் அவரைச் சாப்பிட உட்கார வைத்துவிட்டார்களாம்.